காய்க்காத பலாவுக்குப் பரிந்து பேச ஓர் ஆள்

என் பிரியமுள்ள மாமா,

போன ஆடியில்தான் உங்களைக் கடைசியாக இப்படிக் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. எனக்கு இருந்த மாமா நீங்கள் ஒருவர்தான்.

இதை எழுதி உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஊரும் படிக்கட்டும் என்றுதான் வெளியே கொடுக்கிறேன். ஆலங்குடிக் கடைத்தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு. "மாமன் படிக்க வச்சாரு, மாமன் பொண்ணக் குடுத்தாரு, மாமன் தோப்பையும் குடுத்தாரு. ஒங்களுக்கென்னங்க கொறை?" கேட்டுக்கொண்டே டீயை உறிஞ்சுவார்கள். பதில் வேண்டி யாரும் கேட்பதில்லை. இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அத்தைக்கு முழங்கால் இன்னும் மோசம். காலையில் உங்கள் மகள் வள்ளி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கொல்லை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பாள். உங்களுக்கு வாங்கிய அதே நாற்காலி. அங்கிருந்தபடியே அத்தை ஆட்டை, கோழியை, வள்ளியை, என்னை எல்லாரையும் மேய்க்கிறார். புயலுக்குப் பிறகு வைத்த தென்னை பாளை விட்டுவிட்டது. சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்துக் கடித்து, நான் ஒட்டி ஒட்டி, இப்போது குழாயைவிட ஒட்டுதான் அதிகம். உங்கள் பேத்தி கோயம்புத்தூரில் நன்றாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். அவள் குரலில் அவசரம் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. போக இடம் உள்ளவர்களுக்குத்தானே அவசரம் இருக்கும்?

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் எல்லாவற்றையும் எழுதினால் இந்தப் பங்குனி போதாது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

அப்பா இல்லாத பிள்ளையாக அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். நீங்கள் என்னை "டேய் ராசு" என்று கூப்பிட்டீர்கள். பம்ப்செட் தொட்டியில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கினீர்கள். புதுக்கோட்டையில் பி.எஸ்சி., திருச்சியில் எம்.எஸ்சி. தாவரவியல். லீவில் வரும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் "டேய் ராசு, எளைச்சுட்டியேடா" என்று ரோட்டிலேயே சத்தம் போடுவீர்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் நான் பல்விளக்கிவிட்டு வருகிறேன், நீங்கள் எழுந்து நின்று, "வாங்க மாப்ள, காப்பி சாப்பிடுங்க" என்றீர்கள். நின்றுகொண்டு சொன்னீர்கள், மாமா. அன்றைக்கு எனக்கு மரியாதை கிடைத்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு ஏதோ ஒரு கதவை வெளிப்பக்கம் தாழ்போட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒருநாள்கூட "டேய்" வரவில்லை. நான் கேட்டு வாங்கவா முடியும்?

அடுத்தது, சேலத்துக் கல்லூரியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டபோது நடந்தது. வள்ளி அப்போது மாசமாக இருந்தாள். செய்தியைச் சொன்னதும் நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போறதா இருந்தா போங்க மாப்ள. நான் என்ன சொல்ல" என்றீர்கள். அடுக்களையில் அத்தை மூக்கைச் சிந்தும் சத்தம். அம்மா என்னைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கினாள். 'போறதா இருந்தா' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நான் போகவில்லை. நீங்கள் போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். 'ஒங்களுக்கு என்ன வேணும்?' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாமே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று பயமா?

காலையில் மெயின் ரோட்டில் புதுக்கோட்டை பஸ் ஹாரன் அடிக்கும். அந்த நேரத்தில் நான் பெரும்பாலும் மண்வெட்டியோடு பாத்தியில் நிற்பேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அந்த ஹாரன் எனக்குள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது. டிரைவர்கள் மாறினார்கள், பஸ் மாறியது, ஹாரனும் பாட்டு ஹாரன் ஆகிவிட்டது. நிற்கிறவன் மட்டும் அதே ஆள்.

இனி மரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

எங்கள் கல்யாணப் பந்திக்கு வந்த பலாப்பழத்தில் ஒரு கொட்டையை எடுத்து, கொல்லையில் கிணற்றுக்கு மேற்கே நீங்கள் ஊன்றினீர்கள். வடகாட்டுப் பழம், தேன் மாதிரி இருந்தது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். கொட்டையில் வரும் கன்று தாயைப் போல இருக்காது, ஒட்டுக்கன்றுதான் நிச்சயம் என்று அப்போதே சொன்னேன். "பாப்போம் மாப்ள" என்றீர்கள். மரம் வந்தது. வீட்டைவிட உயரமாக வந்தது. காய்க்கவில்லை. வருஷா வருஷம் ஆண் பூ மட்டும் விரல் நீளத்துக்கு விடும், கறுத்து உதிரும், கொல்லையெல்லாம் ஒரு புளித்த தித்திப்பு வாடை அடிக்கும். பிறகு நான் குடுமியான்மலைப் பண்ணையிலிருந்து கொண்டுவந்து வைத்த ஒட்டுப் பலாக்கள் எல்லாம் இதற்கு முன்னால் காய்த்துக் குலுங்கின.

பத்து வயதைத் தாண்டியும் காய்க்காத மரத்தை மிரட்ட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். மாட்டுப் பொங்கல் அன்று காலையில், மாடு குளிப்பாட்டுவதற்கு முன்னால். ஒருவர் கோடாலியை ஓங்கிக்கொண்டு, "காய்ப்பியா, வெட்டவா?" என்று கேட்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்கு முன்னால் நின்று, "வெட்டாதீங்க, அடுத்த வருசம் காய்க்கும், அதுக்கு நான் பொறுப்பு" என்று பரிந்து பேச வேண்டும். கோடாலி உங்கள் கையில். பரிந்து பேசும் வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். "நீங்க மரஞ்செடி படிச்சவரு. நீங்க சொன்னாத்தான் அது கேக்கும்."

தாவரவியல் படித்தவன், வேலிக்கு அங்கிட்டு பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சிரித்துக்கொண்டு பார்க்க, ஒரு மரத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். நான் முணுமுணுப்பேன். "சத்தமாச் சொல்லுங்க மாப்ள, மரத்துக்குக் காது மேல இருக்கு" என்பீர்கள். கொல்லையே சிரிக்கும். நீங்கள் கோடாலியை ஓங்கும்போது உங்கள் கண்ணில் விளையாட்டு இருக்கும். ஆனால் எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரே எண்ணம்தான். இந்தக் கொல்லையில் காய்க்காமல் நிற்பது மரம் மட்டுமா?

புயல் வந்த ராத்திரி தென்னை முழுவதும் போனது. உங்களுக்குப் பேச்சும் வலது கையும் அடுத்த மாதம் போயின. ஒட்டுப் பலா நான்கும் காயோடு சாய்ந்தன. இது மட்டும் நின்றது. அதிலிருந்து ஒரு பாடம் சொல்ல ஊரில் எல்லாருக்கும் ஆசை. கொட்டையில் முளைத்த மரத்துக்கு ஆணிவேர் ஆழம், அவ்வளவுதான். மேலத் தெருவில் இதே மாதிரி காய்க்காத ஒன்று வேரோடு விழுந்தது. அதைப் பற்றி யாரும் பாடம் சொல்லவில்லை.

பிறகு அந்த வருஷங்கள். உங்களைத் தூக்கி உட்கார வைத்தது, குளிப்பாட்டியது, ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் மழித்துவிட்டது. மழிக்கும்போது இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வீர்கள். பயத்திலா, பாசத்திலா என்று நான் கேட்டதில்லை. உங்களுக்கு மிஞ்சியது நாலைந்து சொல். அதில் தெளிவாக வந்தது "இருக்கட்டும்" ஒன்றுதான். இன்னொரு இட்லி வைக்கவா என்றால் இருக்கட்டும். ஜன்னலைச் சாத்தவா என்றால் இருக்கட்டும். உங்களுடைய கடைசி மாட்டுப் பொங்கலில் கோடாலி என் கைக்கு வந்தது. உங்களை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தோம். நான் ஓங்கிக்கொண்டு, "காய்ப்பியா, வெட்டவா?" என்றேன். நீங்கள் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

இந்தத் தை மாதத்துக்கு வருகிறேன்.

மார்கழியில் பேத்தி போன் செய்தாள். கோயம்புத்தூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தேன். வயதைப் பார்த்து முகம் சுளிக்காமல், ஜூனில் வந்து சேருங்கள், பொங்கல் கழித்து முடிவு சொல்லுங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படிச் சிரிப்பது கொஞ்சம் அசிங்கம்தான்.

வள்ளியிடம் வேலையைப் பற்றிச் சொன்னேன். "ஆத்தா வராதே" என்றாள். வராதுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கே தனியாக வர முடியாத அத்தை கோயம்புத்தூருக்கா வருவார்? அப்படியானால் நான் மட்டும் போக வேண்டும். தோட்டத்தைக் குத்தகைக்கு விடலாம் என்று ஆள் பார்த்தேன். மல்லிகை போடப் போகிறவர், பலா நிழல் ஆகாது என்றார். மர வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டார். உள்ளே வைரம் எப்படி என்று தெரிய ஒரு கொத்து கொத்தி வையுங்கள் என்று சொல்லிப் போனார். இதை வள்ளியிடம் சொல்லவில்லை. சுண்ணாம்புக் கோட்டை அவள் பார்க்காமல் இருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

நிழலுக்காக மட்டும் அல்ல, மாமா. போகும்போது அந்த மரம் விழும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது.

நீங்கள் போன வருஷம் என்பதால் வீட்டில் பொங்கல் இல்லை. ஊரில் எல்லா வாசலிலும் கோலம், எங்கள் வாசல் வெறுமையாகக் கிடந்தது. அன்று மாட்டுப் பொங்கல் என்ற நினைப்பே எனக்கு இல்லை. காலையில் கோடாலியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ஒரு கொத்துப் போட்டேன். பட்டை பிளந்து மஞ்சளாக மரம் தெரிந்தது. பால் வழிந்து கோடாலியில் ஒட்டிக்கொண்டது.

கொல்லை வாசலிலிருந்து அத்தையின் குரல். "ஏத்தா வள்ளி, ஓடியா. மாப்ள மரத்தை மெரட்டுறாரு பாரு. பதில் சொல்ல ஆளில்லாம தனியா நின்னு மெரட்டுறாரு."

"பொங்கலே இல்லைங்கிறப்ப இது எதுக்கு ஆத்தா?" என்று உள்ளேயிருந்து வள்ளி கேட்டாள்.

"பொங்கல் நமக்குத்தான் இல்ல. மரத்துக்கு என்ன தீட்டு? மனுசன் மறக்காம கோடாலியத் தூக்கிட்டு நிக்கிறாரு. உங்கப்பா இருந்தா சந்தோசப்படுவாரு. போ."

வள்ளி வந்தாள். கையில் மாவு. சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள், கொத்தைப் பார்த்தாள், கோடாலியைப் பார்த்தாள். பிறகு எனக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். அத்தையின் காதுக்கு எட்டுகிற மாதிரி, "வெட்டாதீங்க. அடுத்த வருசம் காய்க்கும்" என்றாள்.

"காய்க்காது வள்ளி" என்றேன். "என்னைக்குக் காச்சுது?"

"சரி, காய்க்காது." குரலைத் தணித்துக்கொண்டாள். "காயை யாரு கேட்டா? ஆத்தாளோட ஆடு ரெண்டும் தெனம் எந்த எலையத் திங்கிது? நீங்கதானே ஒடிச்சுப் போடுறீங்க. துணி எங்க காயுது? நீங்க மத்தியானம் எங்க கட்டிலைப் போட்டுக் கெடக்குறீங்க? காய் மட்டுந்தான் காயா?"

அங்கிட்டு அத்தை பொறுமை இழந்தார். "அப்புடிச் சொல்லக் கூடாதுத்தா. பொறுப்பு ஏத்துக்க. நான் பொறுப்புன்னு சொல்லு."

"நான் பொறுப்பு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வள்ளி என்னை நேராகப் பார்த்தாள். "நீங்க போங்க மச்சான். நெசமாத்தான் சொல்றேன். ஆத்தாள நான் பாத்துக்குவேன். மாசத்துக்கு ஒருக்க வந்தாப் போதும். நான் அழவும் மாட்டேன், மூக்கு சிந்தவும் மாட்டேன். மரத்தை மட்டும் விட்டுட்டுப் போங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

மாமா, இத்தனை வருஷமும் நீங்கள் கேட்கவில்லையே என்று நான் பொருமிக்கொண்டிருந்த கேள்வி அது. கேட்டுவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். சேலம் என்று சொல்லவா? அந்தச் சேலத்துக்குப் போக வேண்டியவன் எப்போதோ காணாமல் போய்விட்டான். கோயம்புத்தூர் என்று சொல்லவா? அந்த ஊரை நினைத்தால் எனக்குத் தெரிந்தது பஸ் ஜன்னல் மட்டும்தான். நான் கிளம்புவதைத்தான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். போய்ச் சேர்வதை நினைத்ததே இல்லை.

"மாவு காயுது" என்று சொல்லிவிட்டு வள்ளி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தையும் ஒரு பழந்துணியையும் கிணற்றுமேட்டில் வைத்துவிட்டுப் போனாள். பலாப்பால் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

மரத்தடியில் உட்கார்ந்து கோடாலியைத் தேய்த்தேன். ரொம்ப நேரம் எடுத்தது. மேலே முசுறு எறும்பு நாலைந்து இலையை இழுத்துத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. ரெட்டைவால் குருவி ஒன்று கொல்லைக்கே தான்தான் சொந்தக்காரன் என்கிற மாதிரி காக்கையை விரட்டிவிட்டு வந்து உட்கார்ந்தது. ஆண் பூ ஒன்று உதிர்ந்து என் தோளில் பட்டு விழுந்தது. எடுத்து முகர்ந்தேன். மகரந்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தச் சொன்னால் இப்போதும் ஒரு மணி நேரம் நடத்துவேன். ஆனால் அந்த வாடை எனக்குப் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வருஷா வருஷம் தை வந்ததும் மூக்கு அதைத் தேடியிருக்கிறது. காய் வராத பூ என்று எரிச்சல்பட்டுக்கொண்டே தேடியிருக்கிறது.

மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. அடித்தால் அடிக்கட்டும் என்று இருந்தது. மறுநாள் மறுபடியும் உள்ளே குத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலைப் பொழுதில் எல்லாம் ஆறிவிடும் என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

வள்ளி டீ கொண்டுவந்தாள். "நல்லா இருக்கு" என்றேன்.

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஒடம்பு ஏதும் சுடுதா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு டீயப் போயி நல்லா இருக்குங்கிறீங்க? தெனம் இதத்தான போடுறேன்."

"நீ கேட்டதுக்குப் பதில் தெரியல வள்ளி."

டம்ளரை வாங்கிக்கொண்டாள். "தெரியலன்னா இருங்க. தெரிஞ்சதும் சொல்லுங்க. பஸ்ஸு என்ன ஓடியா போகப்போகுது?"

பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சந்தோஷமாகச் சொன்னேன் என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். வேலி அப்படியேதான் இருக்கிறது. அத்தையின் முழங்காலும் அப்படியேதான். ஆனால் சேலத்துக்கு நான் போகாமல் இருந்தபோது, அந்தப் போகாமையை நீங்கள் செய்தீர்கள். இதை நான் செய்தேன். கடைத்தெருவில் கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். உங்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியுமா?

குத்தகைக்காரருக்கும் இல்லை என்று சொல்லியாயிற்று. வியாபாரி வந்தபோது அத்தை நாற்காலியிலிருந்தபடியே, "அது பொறுப்பு ஏத்த மரம், வெட்டக் கூடாது" என்று திருப்பி அனுப்பினார். நான் கொத்திய இடத்தில் பால் உறைந்து, ஓரத்தில் புதுப்பட்டை மடிந்து வருகிறது. பக்கத்துக் கொல்லைகளில் இந்தப் பங்குனிக்குப் பலா காய் பிடித்துத் தொங்குகிறது. நம்முடையதில் ஒன்றும் இல்லை. நேற்று இலை ஒடிக்கும்போது ஒரு பழக்கத்தில் அண்ணாந்து தேடினேன். தேடிவிட்டு ஆட்டுக்கு இலையைப் போட்டேன். இந்தத் தடவை எனக்கு அவமானமாக இல்லை.

நன்றி என்பது நம் வீட்டில் புழங்காத சொல். மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது. அதனால் உங்களுக்கும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை என்பது கேட்கவில்லைதான். அந்தக் கோபத்தோடுதான் தினமும் மத்தியானம் நீங்கள் வைத்த மரத்தின் நிழலில் படுக்கிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்ன "இருக்கட்டும்" மரத்துக்கா, வேறு சொல் வாயில் வராததாலா என்று இப்போதும் யோசிக்கிறேன். இனி அதற்குப் பதில் கிடைக்காது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு நம் வீட்டில் பொங்கல் உண்டு. கோடாலியை வள்ளி ஓங்கட்டும். அவளுக்கும் என் மேல் கோபம் நிறைய இருக்கும். பரிந்து பேச நான் நிற்கிறேன், பழைய இடத்தில். வேலிக்கு அங்கிட்டு எத்தனை பேர் நின்று சிரித்தாலும் முணுமுணுக்க மாட்டேன், மரத்தின் காதுக்கு எட்டுகிற மாதிரி சொல்வேன். அடுத்த வருஷம் காய்க்கும் என்று சொல்ல மாட்டேன், மாமா. படித்தவன் பொய் சொல்லக் கூடாது. அது இருக்கட்டும், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்வேன்.

மாப்பிள்ளை என்று கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

உங்கள் அக்கா மகன்,
ராசு